பாக் நீரிணையின் பாசிப் பயிரும் நம் வயல் உரமும்

நிலத்தைப் போலவே கடலிலும் ஒரு பயிர் விளைகிறது. அதை விதைப்பவர் இல்லை. களை எடுப்பவரும் இல்லை. கடல்நீரில் மிதந்து வாழும் மிக நுண்ணிய பாசிகளே அந்தப் பயிராகும். இவற்றைத் தாவர மிதவை உயிர்கள் என்று கடல் அறிவியலார் அழைப்பர். ஒரு லிட்டர் கடல்நீரில் சில ஆயிரம் முதல் பல லட்சம் வரை இவை இருக்கும். தனித்தனியே கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், இவை பெருகும்போது நீரின் நிறமே மாறிவிடும்.

புல் இல்லாவிட்டால் ஆடு மாடு இல்லை. அதுபோல இந்தப் பாசி இல்லாவிட்டால் கடலில் மீன் இல்லை. பாசியைச் சிற்றுயிர்கள் தின்கின்றன. அவற்றை மீன் குஞ்சுகளும் இறால் குஞ்சுகளும் தின்கின்றன. குஞ்சுகள் வளர்ந்து மீனவர் வலைக்கு வருகின்றன. உலகில் தாவரங்கள் ஒளிச்சேர்க்கை மூலம் ஓராண்டில் செய்யும் உற்பத்தியில் ஏறத்தாழ பாதி, கடலில் மிதக்கும் இந்த நுண்பாசிகளுடையதே.

கடல் பாசியைப் பற்றி உழவர்கள் எதற்காகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கலாம். காரணம் உண்டு. தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் மாவட்டங்களின் வயல்களிலிருந்து வடியும் நீரில் பெரும் பகுதி கடைசியில் பாக் நீரிணையையே அடைகிறது. வயலில் இட்ட உரத்தில் பயிர் எடுத்துக்கொள்ளாத ஒரு பங்கும் அந்த நீருடன் போகிறது. உழவருக்கு அது இழப்பு. கடலுக்கு அது ஓரளவு வரை உணவு. அளவு மீறினால் கேடு.

ஆழமற்ற கடல்

கோடியக்கரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே வங்கக் கடலின் நீர் உள்ளே நுழையும் வாயிலே பாக் நீரிணை. 1763 முதல் 1767 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ராபர்ட் பாக் என்பவரின் பெயரால் இது வழங்குகிறது. நீரிணைக்குத் தெற்கே பாக் விரிகுடா விரிந்துள்ளது. அதன் தென் எல்லையில் பாம்பன் கால்வாயும் இராமர் பாலம் எனப்படும் மணல் திட்டுகளும் உள்ளன. அவற்றுக்கு அப்பால் மன்னார் வளைகுடா.

இந்தக் கடலின் முக்கியமான இயல்பு ஆழமின்மை. விரிகுடாவின் பெரும்பாலான இடங்களில் ஆழம் 15 மீட்டருக்கும் குறைவு. ஆகவே காற்று பலமாக அடித்தால் அடிச்சேறு கிளம்பி நீர் கலங்குகிறது. காற்று ஓய்ந்தால் தெளிகிறது. தெளிந்த நாட்களில் வெயில் அடித்தரை வரை செல்வதால்தான் இங்கே கடற்புல் படுகைகள் செழித்துள்ளன. அந்தப் புல்லை மேய்ந்து வாழும் கடற்பசுவைக் காக்க, தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழக அரசு 2022-ல் காப்பகமாக அறிவித்தது.

இக்கடலுக்கு நன்னீர் தரும் ஆறுகள் பல. கோரையாறு, பாமணியாறு முதலியவை முத்துப்பேட்டைக் காயலில் கலக்கின்றன. அக்கினியாறு, அம்புலியாறு, தெற்கு வெள்ளாறு ஆகியவை நேரே விரிகுடாவில் சேர்கின்றன. வைகையின் மிகுதி நீர் ஆற்றங்கரை அருகே கடலை அடைகிறது. நாகைக்கு அருகில் வங்கக் கடலில் விழும் ஆறுகளின் நீரும் ஒதுங்கிவிடுவதில்லை. வாடைக்காற்றுக் காலத்தில் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடுவதால், அந்த நீரில் ஒரு பகுதியும் நீரிணைக்குள் வருகிறது.

அதே தழைச்சத்து, அதே மணிச்சத்து

கடல் பாசிக்கு வேண்டிய சத்துகள் நமக்குப் புதியவை அல்ல. தழைச்சத்தை நைட்ரேட், அம்மோனியா வடிவிலும், மணிச்சத்தைப் பாஸ்பேட் வடிவிலும் அது நீரிலிருந்து உறிஞ்சுகிறது. சாம்பல் சத்துக்கு அங்கே பஞ்சமே இல்லை; ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 400 மில்லிகிராம் பொட்டாசியம் கரைந்துள்ளது. ஆகவே கடலில் விளைச்சலைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் தழைச்சத்தும் மணிச்சத்துமே.

இவை எந்த விகிதத்தில் தேவை என்பதை அமெரிக்க அறிஞர் ஆல்பிரட் ரெட்பீல்டு 1934-ல் ஆராய்ந்து எழுதினார். பாசியின் உடலில் பாஸ்பரஸ் அணு ஒன்றுக்கு நைட்ரஜன் அணுக்கள் 16 என்பது இன்று ஏற்கப்பட்ட பொது விகிதம். உர மூட்டையில் அச்சிடும் முறைப்படி எடையாக மாற்றினால், தழைச்சத்து 3 பங்குக்கு மணிச்சத்து 1 பங்கு என்று வரும். மத்திய, நீண்ட கால நெல்லுக்குப் பரிந்துரைக்கப்படும் எக்டேருக்கு 150:50:50 கிலோ என்ற அளவிலும் தழைச்சத்தும் மணிச்சத்தும் 3-க்கு 1 தான். ஒன்று உடலில் உள்ள அளவு, மற்றொன்று நாம் இடும் அளவு. ஆகவே இவ்வொற்றுமையைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. எனினும் வயலின் பசியும் கடலின் பசியும் ஒரே வகை என்பதை மனத்தில் பதிய வைக்க இக்கணக்கு உதவும்.

மற்றொரு சத்து மணலிலும் களிமண்ணிலும் உள்ள சிலிக்கா. நெல் இலையின் சொரசொரப்புக்கும் உமியின் கடினத்துக்கும் இதுவே காரணம். கடலில் டயாட்டம் என்னும் பாசி இனம் தன் உடலைச் சுற்றிச் சிலிக்காவால் கண்ணாடிக் கூடு கட்டிக்கொள்கிறது. மீன் குஞ்சுகளுக்கு உணவூட்டுவதில் டயாட்டம்களுக்கு முதன்மையான பங்குண்டு. பாறையும் மண்ணும் கரைந்து ஆற்று நீர் வழியே வரும் சிலிக்காவை நம்பியே அவை வாழ்கின்றன. யூரியாவில் சிலிக்கா கிடையாது. தழைச்சத்து மட்டும் மிகுந்து சிலிக்கா குறைந்தால், டயாட்டம் பின்தங்கி, சிலிக்கா தேவைப்படாத வேறு பாசிகள் முந்திக்கொள்ள வழி ஏற்படுகிறது.

கடலின் நான்கு பருவங்கள்

1947-ல் தொடங்கப்பெற்ற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர்கள் இக்கடலை ஆரம்ப நாட்களிலேயே ஆராய்ந்தார்கள். மண்டபம் கரையோர நீரில் உவர்ப்பும் உயிர்வாயுவும் சத்துகளும் பருவத்துக்குப் பருவம் மாறுவது பற்றி ஆர். ஜெயராமனும், மிதவைப் பாசிகளைப் பற்றி ஆர். ரகு பிரசாத்தும் 1954-ல் கட்டுரைகள் வெளியிட்டனர். அதன் பின் பலர் இப்பணியைத் தொடர்ந்துள்ளனர். தமிழகக் கிழக்குக் கரைக்குப் பொதுவாகக் காணப்படும் போக்கை நான்கு பருவங்களாகப் பிரித்துச் சொல்லலாம்.

மழைக்காலம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை: தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி இம்மூன்று மாதங்களில் பெய்கிறது. ஆறுகளும் வடிகால்களும் செம்மண் நிறத்தில் பெருக்கெடுத்துக் கடலில் விழுகின்றன. வாடைக்காற்று வங்கக் கடலின் உவர்ப்புக் குறைந்த நீரை நீரிணைக்குள் தள்ளுகிறது. லிட்டருக்கு 35 கிராம் வரை இருக்கும் உப்பு, 30 கிராமுக்கும் கீழே இறங்குகிறது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சிலிக்காவும் ஆண்டிலேயே மிகுதியாக இருப்பது இப்போதுதான். ஆனால் பாசியோ பொதுவாக இப்போதே குறைவு. நீர் கலங்கி, வானமும் மூடியிருப்பதால் வெளிச்சம் போதவில்லை. உவர்ப்பு திடீரென மாறுவதும் அதற்கு ஒவ்வாது. நிழல் விழுந்த வயலில் எவ்வளவு உரம் இட்டாலும் பயிர் எழாதது போன்ற நிலை இது.

மழைக்குப் பின், ஜனவரி முதல் மார்ச் வரை: காற்று தணிகிறது, சேறு படிகிறது, நீர் தெளிகிறது, உவர்ப்பு மெல்ல ஏறுகிறது. மழைக்காலத்தில் வந்த சத்து நீரில் இருக்கிறது; இப்போது வெளிச்சமும் கிடைக்கிறது. டயாட்டம்கள் விரைவாகப் பெருகுகின்றன. ஏற்ற சூழ்நிலையில் அவை ஒரே நாளில் இரட்டிப்பாகக் கூடியவை. டெல்டா உழவர்களுக்கு இதை விளக்க நெல் தரிசு உளுந்தே போதும். சம்பா அறுவடைக்கு முன் தெளித்த உளுந்து, நெல்லுக்கு இட்ட உரத்தின் மிச்சத்திலும் மண்ணின் ஈரத்திலும் வளர்ந்து காய்க்கிறது அல்லவா? கடலின் தைப் பருவப் பாசியும் அப்படியே, மழை விட்டுச் சென்ற மிச்சத்தில் விளைகிறது.

கோடைக்காலம், ஏப்ரல் முதல் ஜூன் வரை: ஆறுகள் வறண்டு, சத்து வரத்து நின்றுவிடுகிறது. நீரில் உள்ளதையும் பாசி உறிஞ்சிவிடுவதால் சத்துகளின் அளவு ஆண்டிலேயே குறைவாக இருக்கும். ஆனால் நல்ல வெயிலும் தெளிந்த நீரும் நிலைத்த உவர்ப்பும் இருப்பதால் பாசியின் எண்ணிக்கை பல இடங்களில் உயர்ந்தே நிற்கிறது. அடிச்சேற்றில் மக்கும் பொருள்களிலிருந்து மீண்டும் மீண்டும் கிடைக்கும் சத்தே இதற்கு ஆதாரம். அமைதியான வெப்ப நாட்களில் டிரைக்கோடெஸ்மியம் என்னும் நீலப்பச்சைப் பாசி இந்தியக் கடல்களில் பல இடங்களில் மரத்தூள் தூவியது போல மிதக்கும். நம் நெல் வயலின் நீலப்பச்சைப் பாசியைப் போலவே இதுவும் காற்றிலுள்ள நைட்ரஜனைத் தழைச்சத்தாக மாற்றிக்கொள்ளும். கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம் விதிக்கப்படுவதும் இப்பருவத்தில்தான்.

மழைக்கு முன், ஜூலை முதல் செப்டம்பர் வரை: தெற்கிலிருந்து சோழகக்காற்று வீசுகிறது. நீரோட்டம் திரும்பி, மன்னார் வளைகுடாவின் நீர் பாம்பன் வழியே வடக்கே வருகிறது. காற்றில் அடிச்சேறு கிளறப்பட்டு, அதிலுள்ள சத்து நீரில் கலக்கிறது. கோடை உழவில் மண்ணைப் புரட்டுவதற்கு இதை ஒப்பிடலாம். வயலில் நாம் சம்பா நாற்றங்காலுக்கு ஆயத்தமாகும் நேரத்தில், கடலும் அடுத்த மழைக்குக் காத்திருக்கிறது.

எல்லா ஆண்டும், எல்லா இடத்திலும் இக்கணக்கு அப்படியே பொருந்தாது. மழை பொய்த்த ஆண்டும் புயல் அடித்த ஆண்டும் வேறுபடும். ஆற்று முகத்துவாரத்துக்கும் நடுக்கடலுக்கும் வேறுபாடு உண்டு.

அளவு மீறினால்

தழைச்சத்து மிகுந்த நெல் என்ன ஆகிறது? கரும்பச்சையாகத் தழைத்து, பூச்சி நோய்க்கு இடம் கொடுத்து, மழைக் காற்றில் சாய்ந்துவிடுகிறது. கடலிலும் மிகுதியான சத்து நன்மை தருவதில்லை. பாசி வேண்டிய அளவைத் தாண்டிப் பெருகி, தின்ன ஆளின்றி மடிந்து அழுகுகிறது. அழுகும்போது நீரில் கரைந்துள்ள உயிர்வாயுவை எடுத்துக்கொள்கிறது.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. 1 கிலோ தழைச்சத்தில் வளர்ந்த பாசி முழுவதும் அழுகித் தீர ஏறத்தாழ 20 கிலோ உயிர்வாயு தேவைப்படும். வெதுவெதுப்பான கடல்நீரில் ஒரு கன மீட்டருக்கு 6 கிராம் அளவே உயிர்வாயு கரைந்திருக்கும். அப்படியானால் 1 கிலோ தழைச்சத்து, 3,000 கன மீட்டருக்கும் அதிகமான நீரின் உயிர்வாயுவைக் காலி செய்ய வல்லது. ஆழமற்ற கடலில் காற்றும் அலையும் உயிர்வாயுவை மீண்டும் சேர்த்துவிடுவதால் எப்போதும் இப்படி நேர்வதில்லை. காற்றே இல்லாத புழுக்கமான நாட்களிலும், நீரோட்டம் குறைந்த காயல்களிலும் ஆபத்து அதிகம்.

பாசிப் பெருக்கத்தின் விளைவை அண்டையிலுள்ள மன்னார் வளைகுடாவில் 2019 செப்டம்பரில் கண்டோம். பாம்பன், மண்டபம் பகுதியில் நாக்டிலூக்கா என்னும் நுண்ணுயிர் பெருகி, கடல் பச்சை நிறமாகி, மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. மீனவர்கள் இதைப் பூங்கோரை என்பர். நாக்டிலூக்கா தன் உடலுக்குள் பச்சைப் பாசியை வைத்து வளர்ப்பது. இதற்கு வயல் உரமே காரணம் என்று கூறிவிடக் கூடாது. அது மழைக்கு முந்திய மாதம். நீரின் வெப்பம், காற்று, நீரோட்டம் எனப் பல காரணங்கள் சேர்ந்தே இத்தகைய பெருக்கம் உண்டாகிறது. ஆனால் கூடுதல் சத்து கிடைக்கும் கடலில் இப்படிப்பட்ட பெருக்கத்துக்கு இடம் அதிகம் என்பதில் ஐயமில்லை.

அமெரிக்காவின் மிசிசிப்பி ஆறு விழும் மெக்சிகோ வளைகுடாவில் இதன் முற்றிய நிலையைக் காணலாம். மக்காச்சோள வயல்களிலிருந்து ஆற்றில் இறங்கும் உரம் அதற்கு முக்கிய காரணம். 2017 கோடையில் அங்கே ஏறத்தாழ 22,700 சதுர கிலோமீட்டர் பரப்பில் அடிநீரில் மீன் வாழப் போதிய உயிர்வாயு இல்லை.

நம் நீரிணையில் கவலைக்குரிய மற்றொன்று கடற்புல். சத்து மிகுந்தால் புல்லின் இலைமேல் பாசி படர்கிறது, நீரும் மங்குகிறது, வெயில் கிடைக்காமல் புல் நலிகிறது. இறால் குஞ்சுகளும் மீன் குஞ்சுகளும் ஒதுங்கி வளரும் தொட்டில் அந்தக் கடற்புல். வேதாரண்யம், அதிராம்பட்டினம், சேதுபாவாசத்திரம், கோட்டைப்பட்டினம் வட்டாரங்களில் வயலும் படகும் அடுத்தடுத்தே இருக்கின்றன. ஒன்றின் நட்டம் மற்றொன்றையும் தொடும்.

ஒரு மூட்டையில் எவ்வளவு போகிறது?

45 கிலோ யூரியா மூட்டையில் 20.7 கிலோ தழைச்சத்து உள்ளது. நீர் தேங்கிய நெல் வயலில் இட்ட தழைச்சத்தில் 30 முதல் 40 சதவிகிதம் வரையே பயிர் எடுத்துக்கொள்கிறது. அதாவது 7 கிலோ அளவே நெல்லுக்கு. மீதி 13 கிலோவில் ஒரு பங்கு மண்ணில் தங்குகிறது. ஒரு பங்கு ஆவியாகிக் காற்றில் கலக்கிறது. ஒரு பங்கு அடிமண்ணுக்கு இறங்குகிறது. ஒரு பங்கு வடிகாலில் ஓடுகிறது. இட்ட மறுநாளே கனமழை பெய்து வரப்பு வழிந்தால் வடிகாலுக்குப் போகும் பங்கு கூடிவிடும்.

இங்கேதான் நம் பகுதியின் சங்கடம் உள்ளது. சம்பா தூர் கட்டும் நேரமும் கதிர் உருவாகும் நேரமும் வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்தே வருகின்றன. மேலுரம் இட வேண்டிய நாட்களும் வயல் நிரம்பி வழியும் நாட்களும் ஒன்றாகிவிடுகின்றன. கடைமடையில் மேட்டு வயல்களின் வடிநீரும் வந்து சேர்கிறது. கடலில் எல்லாப் பருவத்தையும்விடச் சத்து மிகுதியாக உள்ள அதே நேரத்தில்தான் நாம் இன்னும் கொஞ்சம் அனுப்பிவைக்கிறோம்.

ஆற்றில் சேரும் சத்து எல்லாம் உழவர் கணக்கில் வராது. நகரக் கழிவுநீர், இறால் பண்ணை வடிநீர், வனத்திலும் தரிசிலும் கரையும் மண் ஆகியவையும் உண்டு. ஆயினும் நம் பங்கைக் குறைப்பது நம் கையில் உள்ளது. அதில் முதல் இலாபமும் நமக்கே.

உழவர்கள் செய்ய வேண்டியவை

1. மண் பரிசோதனை செய்து, அதன்படியே உரமிடவும். மணிச்சத்து போதுமான அளவு உள்ள வயலில் மேலும் டி.ஏ.பி. கொட்டுவது வீண்.

2. தழைச்சத்தையும் சாம்பல் சத்தையும் நான்கு சம பாகங்களாகப் பிரித்து, அடியுரமாகவும், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் ஆகியவற்றிலும் இடவும். ஒரே மழையில் முழு உரமும் போகும் ஆபத்து இதனால் நீங்கும்.

3. மேலுரம் இடுவதற்கு முன் வானிலை அறிவிப்பைக் கேட்கவும். கனமழை எச்சரிக்கை இருந்தால் இரண்டு மூன்று நாட்கள் தள்ளிப் போடவும். அதனால் பயிர் கெட்டுவிடாது.

4. உரமிடும் முன் வயல் நீரை வடித்து, சேறு மட்டும் இருக்கும் நிலையில் இடவும். பின் மடையை அடைத்து, ஒரு நாள் கழித்து நீர் பாய்ச்சவும். நீர் ஓடிக்கொண்டிருக்கும் வயலில் ஒருபோதும் உரம் வீசக் கூடாது.

5. இலை வண்ண அட்டையைப் பயன்படுத்தவும். நட்ட 14-ஆம் நாள் முதல் 7 அல்லது 10 நாட்களுக்கு ஒரு முறை, காலை 8 முதல் 10 மணிக்குள், முழுதும் விரிந்த மேல் இலையை அட்டையோடு ஒப்பிடவும். வெள்ளைப் பொன்னிக்கு 3-க்கும், மற்ற இரகங்களுக்கு 4-க்கும் கீழே நிறம் இறங்கினால் மட்டுமே தழைச்சத்து தேவை.

6. மணிச்சத்தை முழுவதும் அடியுரமாக, கடைசி உழவில் மண்ணோடு கலந்துவிடவும். மணிச்சத்து பெரும்பாலும் மண்ணோடு ஒட்டியே ஓடுவதால், மண் அரிப்பைத் தடுப்பதே அதைக் காக்கும் வழி. மழைக்கு முன் வரப்புகளை உயர்த்தி, எலி வளைகளை அடைக்கவும்.

7. சம்பாவுக்கு முன் வாய்ப்புள்ள இடங்களில் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழவும். நட்ட 10-ஆம் நாள் எக்டேருக்கு 10 கிலோ நீலப்பச்சைப் பாசி தூவலாம். நெல்லோடு அசோலாவும் வளர்க்கலாம். இவற்றின் தழைச்சத்து மெல்ல வெளிப்படுவதால் ஒரே மழையில் கரைந்து போவதில்லை. அதற்கேற்ப யூரியாவைக் குறைத்துக்கொள்ளலாம்.

8. 2015 முதல் நம் நாட்டில் தயாராகும் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே விற்கப்படுகிறது. இது சத்து வெளிப்படுவதை மெதுவாக்கும். வரப்பு வழிந்து ஓடுவதை இது தடுக்காது என்பதால், மேற்கூறிய முறைகளைக் கைவிடக் கூடாது.

9. இறால் வளர்ப்போர் குளத்து நீரை நேரே ஓடையில் திறந்துவிடாமல், தனிக் குளத்தில் தேக்கிப் படிய வைத்த பின்னரே வெளியேற்ற வேண்டும்.

10. வடிகால் கரைகளிலுள்ள புல்லையும் கோரையையும் அடியோடு அழிக்க வேண்டாம். நீர் ஓட்டத்துக்குத் தடையானவற்றை மட்டும் அகற்றினால் போதும். கரைப் புல்லும், முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் வடிநீரின் மண்ணையும் சத்தையும் தடுத்து நிறுத்துகின்றன.

இந்த ஆண்டு சம்பாவுக்கு முதல் மேலுரம் இடுவதற்கு முன், வயலின் நான்கு வரப்புகளையும் மடையையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துச் சரி செய்துவிடுங்கள். மழை வரும் நாள் தெரிந்து உரமிடுங்கள். மூட்டைக்கு 7 கிலோவுக்குப் பதில் 9 கிலோ தழைச்சத்தைப் பயிர் எடுத்துக்கொண்டால், அது இட்ட தழைச்சத்தில் 10 சதவிகித மிச்சமாகும். பத்து மூட்டை இடும் இடத்தில் ஏறக்குறைய ஒரு மூட்டை நமக்குத் திரும்பக் கிடைத்த கணக்கு. இலை வண்ண அட்டைக்கும் மண் பரிசோதனைக்கும் அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தையோ வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகவும்.